ஐஸ் மேக்கர் ஐஸ் போடலையா? தண்ணீர் வரும் வழியில் தேடுங்க

(எபிசோடின் ஒலிவடிவத்திலிருந்து வாசிப்பதற்காகத் தொகுத்தது.)

இந்த எபிசோடுக்குக் காரணம், வேற வேற ஆட்கள் கிட்ட இருந்து திரும்பத் திரும்ப வர்ற ஒரே கேள்வி: "ஃபிரிட்ஜ் நல்லா ஓடுது, ஃப்ரீசரும் ஓகே. ஐஸ் மேக்கர் மட்டும் ஐஸ் போட மாட்டேங்குது. மெக்கானிக் வந்து பார்த்துட்டு முழு யூனிட்டையும் மாத்தணும்னு சொல்றார். மாத்திடலாமா?"

என் பதில்: மாத்துறதுக்கு முன்னாடி ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க. யூனிட் நிஜமாவே செத்துப்போகலாம், அது நடக்காத விஷயம் இல்லை. ஆனால் நம்ம ஊர் அடுக்குமாடி வீடுகளில் கோளாறு நிறைய நேரம் அந்த யூனிட்டுக்கு வெளியே, அதுக்குத் தண்ணீர் வந்து சேரும் வழியில்தான் இருக்கிறது. அங்கே சரி செய்யாமல் புது யூனிட் போட்டால் ஆயிரக்கணக்கில் செலவாகும், அதுவும் சில வாரத்தில் அதே மாதிரி நிற்கும்.

அதனால் இன்னைக்கு அந்த வழியை ஒவ்வொரு படியாகப் பின்தொடரப் போறோம். பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு பக்கெட், ஒரு அளவு கப், ஒரு டவல், ஒரு டார்ச். அவ்வளவுதான்.

உங்க வீட்டில் இருப்பது எந்த வகை?

"ஐஸ் மேக்கர்" என்கிற பெயரில் மூன்று விதமான பொருட்கள் விற்கிறார்கள். முதலில் அதைப் பிரிச்சுப் பார்க்கணும்.

ஒன்று, கையால் திருகும் வகை. பல டபுள் டோர் ஃபிரிட்ஜ்களில் வருவது இதுதான். தட்டில் நாமே தண்ணீர் ஊற்றி, உறைந்ததும் குமிழைத் திருகினால் ஐஸ் கீழே பெட்டியில் விழும். இதில் மோட்டார் இல்லை, வயர் இல்லை. கெட்டுப்போனால் குமிழோ தட்டோ உடைந்திருக்கும். அதே மாடலுக்கான தட்டை வாங்கி மாட்டினால் முடிந்தது.

இரண்டு, ஃபிரிட்ஜுக்குள்ளேயே ஒரு தண்ணீர் டேங்க் இருக்கும் வகை. நாம் டேங்கை நிரப்பி வைப்போம், ஒரு சின்ன மோட்டார் தண்ணீரை மேலே ஐஸ் தட்டுக்கு அனுப்பும்.

மூன்று, ஃபிரிட்ஜ் பின்னாடி கால் இஞ்ச் பிளாஸ்டிக் ட்யூப் வந்து சேரும் வகை. பெரிய சைடு பை சைடு மாடல்களில் பார்க்கலாம். பிளம்பர் வந்து லைன் கொடுத்தால்தான் இது வேலை செய்யும்.

இன்றைய பேச்சு பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையைப் பற்றித்தான். இரண்டாவது வகைக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

உள்ளே நடக்கும் நாலு வேலை

தானியங்கி ஐஸ் மேக்கர் நாலு வேலையைத்தான் சுற்றிச் சுற்றிச் செய்கிறது.

முதல் வேலை, தண்ணீர் பிடிப்பது. ஃபிரிட்ஜின் பின்பக்கம் கீழே இருக்கும் இன்லெட் வால்வு சில நொடிகள் மட்டும் திறக்கும். தண்ணீர் ட்யூப் வழியாக மேலே ஏறி, ஃபில் ட்யூப் என்கிற சின்னக் குழாய் வழியாகத் தட்டில் விழும். ஒன்றைக் கவனியுங்க: தட்டு நிறைந்ததா என்று பார்த்து மூடுவதில்லை. பெரும்பாலான மாடல்களில் நேரக் கணக்குதான். அந்தச் சில நொடியில் எவ்வளவு வந்ததோ அவ்வளவுதான் ஐஸ்.

இரண்டாவது வேலை, காத்திருப்பது. தட்டை ஒட்டியிருக்கும் சென்சார், தண்ணீர் நன்றாக உறையும் வரை பொறுத்திருக்கும். மாடலைப் பொறுத்து ஒன்றரை மணியிலிருந்து சில மணி நேரம் வரை ஆகும்.

மூன்றாவது, ஐஸைத் தள்ளுவது. சில யூனிட்களில் மோட்டார் பிளாஸ்டிக் தட்டையே முறுக்கும். சிலவற்றில் உலோகத் தட்டின் அடியில் ஒரு ஹீட்டர் லேசாகச் சூடாகி ஐஸை விடுவிக்கும், பிறகு விரல் மாதிரி இருக்கும் கம்பிகள் அதைத் தள்ளிவிடும்.

நான்காவது, பெட்டி நிறைந்ததா என்று பார்ப்பது. ஒரு கம்பியோ பிளாஸ்டிக் கையோ கீழே இறங்கித் தொட்டுப் பார்க்கும். ஐஸில் இடித்தால் "போதும்" என்று நிறுத்திவிடும்.

இந்த நாலில் எது நின்றது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதைக் கண்டுபிடிக்க யூனிட்டைக் கழற்றவே வேண்டாம். தட்டைப் பாருங்க, போதும்.

தட்டு சொல்லும் கதை

ஃப்ரீசரைத் திறங்க. ஐஸ் பெட்டியை வெளியே எடுங்க. டார்ச் அடிச்சுத் தட்டைப் பாருங்க.

தட்டு காய்ந்து கிடக்கிறதா? தண்ணீர் வரவில்லை. முதல் வேலையிலேயே நின்றிருக்கிறது.

தட்டில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறதா? ஃப்ரீசரில் குளிர் போதவில்லை.

தட்டு நிறைய ஐஸ் இருக்கிறது, விழவில்லையா? தள்ளும் வேலை நின்றிருக்கிறது: மோட்டார், ஹீட்டர், சென்சார் இவற்றில் ஒன்று. அல்லது அந்தத் தொட்டுப் பார்க்கும் கை எங்கோ மாட்டிக்கிட்டு, பெட்டி நிறைந்ததாக நினைக்கிறது.

ஐஸ் விழுகிறது, ஆனால் சின்னச் சின்னதாக, பாதி பாதியாக இருக்கிறதா? தண்ணீர் வருகிறது, போதுமான அளவு வரவில்லை.

தட்டு வழிந்து, அதைச் சுற்றியும் அடியிலும் ஐஸ் பாறை மாதிரி பிடித்திருக்கிறதா? வால்வு சரியாக மூடாமல் சொட்டுகிறது, அல்லது ஃபிரிட்ஜ் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது.

பெட்டியில் ஐஸ் எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடக்கிறதா? இது பெரும்பாலும் கோளாறே இல்லை. கரண்ட் ரொம்ப நேரம் போய் வந்திருக்கும், கதவு சரியாக மூடாமல் இருந்திருக்கும், அல்லது பல நாள் யாரும் ஐஸ் எடுத்திருக்க மாட்டீங்க. உடைத்துக் கொட்டிவிட்டுப் புதுசாகச் சேர விடுங்க.

காசு செலவில்லாத மூன்று செக்

கழற்றுவது, மாற்றுவது எதுக்கும் போகும் முன் இந்த மூன்றையும் பார்த்துடுங்க.

முதல்ல சுவிட்ச். டிஸ்ப்ளேயில் "ஐஸ் ஆஃப்" என்று ஒரு வசதி இருக்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால், இல்லை யாராவது பேனலைத் துடைத்தால், அது அழுத்தப்பட்டிருக்கலாம். கம்பி வகையில், கம்பி மேலே தூக்கி நின்றால் ஆஃப் என்று அர்த்தம். ஒரு ஐஸ் துண்டு இடையில் மாட்டி அதைத் தூக்கிப் பிடித்திருந்தாலும் அப்படித்தான்.

இரண்டாவது, குளிர். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் இருக்கணும். டிஸ்ப்ளேயில் தெரிவது நாம் செட் செய்த எண். உள்ளே நிஜமாக எவ்வளவு என்று தெரிய ஒரு சாதாரண ஃப்ரீசர் தெர்மாமீட்டரை இரண்டு உறைந்த பாக்கெட்டுகளுக்கு நடுவில் ராத்திரி முழுக்க வைத்துக் காலையில் பாருங்க. ரொம்பக் குறைவாகக் குளிர்ந்தால், சென்சார் "இன்னும் உறையவில்லை" என்று காத்துக்கொண்டே இருக்கும். ஃப்ரீசரே குளிராதபோது ஐஸ் மேக்கரைத் திட்டிப் பயனில்லை. கதவு ரப்பர், பின்பக்கக் காற்றோட்டம், உள்ளே காற்று வரும் துளைகளை மறைத்து அடுக்கிய பாக்கெட்டுகள், இவற்றைப் பாருங்க.

மூன்றாவது, நேரம். புதுசாக மாட்டிய ஃபிரிட்ஜோ, வீடு மாறி வந்து ஆன் செய்த ஃபிரிட்ஜோ, முதல் ஐஸுக்கு 24 மணி நேரம் வரை எடுக்கலாம். அதுக்குள்ளே பதறிப் போன் பண்ண வேண்டாம். முதல் சில சுற்று ஐஸைக் குடிக்காமல் கொட்டிடுங்க.

அழுத்தக் கணக்கு: மொட்டைமாடி டேங்க் போதுமா?

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றோம்.

இந்த ஐஸ் மேக்கர்கள் அமெரிக்கா மாதிரி நாடுகளில் பழகியவை. அங்கே தெருவில் இருந்து வரும் குழாயிலேயே நல்ல அழுத்தம் இருக்கும். அதனால் பல மாடல்களின் கையேட்டில் குறைந்தபட்சத் தண்ணீர் அழுத்தம் 20 பி.எஸ்.ஐ. என்று போட்டிருக்கும், சிலவற்றில் அதைவிடவும் அதிகம்.

நம்ம வீட்டில்? சம்ப்பில் இருந்து மோட்டார் போட்டு மொட்டைமாடி டேங்குக்கு ஏற்றுகிறோம், அங்கிருந்து அது தானாக இறங்குகிறது. இப்படி இறங்கும் தண்ணீருக்கு உயரம்தான் அழுத்தம். 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 14 பி.எஸ்.ஐ. அப்படின்னா 20 பி.எஸ்.ஐ. வேண்டுமென்றால் டேங்க் உங்கள் தலைக்கு மேல் 14 மீட்டரில் இருக்கணும். ஒரு மாடியை 3 மீட்டர் என்று வைத்தால் நாலரை மாடிக்கு மேல்!

கடைசி மாடியில் இருப்பவர்களுக்கு டேங்க் 4 மீட்டர் மேலேதான். கிடைப்பது 6 பி.எஸ்.ஐ.கூட இல்லை. ஒரே பில்டிங்கில், ஒரே மாடல் ஃபிரிட்ஜ், தரைத்தள வீட்டில் ஓரளவு ஓடுகிறது, மேல்மாடி வீட்டில் தகராறு செய்கிறது என்றால் காரணம் இதுதான்.

ஆர்.ஓ. மெஷினில் இருந்து லைன் எடுத்தவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். சுவரில் மாட்டும் ஆர்.ஓ.வின் சேமிப்பு டேங்க் மூடியிருந்தாலும் அழுத்தம் ஏற்றப்பட்டது இல்லை. தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டர் உயரம், அவ்வளவுதான் அதன் பலம். ஐஸ் தட்டும் கிட்டத்தட்ட அதே உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் எப்படி ஏறும்?

"டேங்குக்குப் போகாமல் மெம்ப்ரேனில் இருந்து நேரடியாக எடுத்தால்?" என்று கேட்பீங்க. மணிக்கு 15 லிட்டர் என்று போட்ட மெஷினைக் கணக்குப் போடுங்க. 10 நொடிக்கு 42 மில்லிதான் வரும். சில நொடியில் தட்டை நிரப்ப இது போதாது.

பக்கெட் சோதனை

கணக்கை விடுங்க, கையால் பார்த்துடலாம்.

ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்குங்க. லைனில் இருக்கும் சின்ன வால்வை மூடுங்க. ஃபிரிட்ஜ் பின்னாடி ட்யூப் சேரும் இடத்தில் கழற்றுங்க. புஷ் ஃபிட்டிங்காக இருந்தால், வளையத்தை உள்பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டே ட்யூபை நேராக இழுத்தால் வந்துவிடும்.

ட்யூப் முனையைப் பக்கெட்டில் வைத்து வால்வைத் திறங்க. முதலில் காற்று போகட்டும். பிறகு அளவு கப்பை வைத்து 10 நொடி பிடிங்க. 180 மில்லி அளவு வந்தால் தேறும் என்பது ஒரு நடைமுறை அளவுகோல்.

இதோட நிறுத்திடாதீங்க. அதே ட்யூப் முனையை ஐஸ் மேக்கர் இருக்கும் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து இன்னொரு தடவை 10 நொடி பிடிங்க. நல்ல அழுத்தம் இருக்கும் லைனில் பெரிய வித்தியாசம் தெரியாது. வெறும் உயரத்தை நம்பி இறங்கும் லைனில், தூக்கியதும் தண்ணீர் நூலாக மெலியும், இல்லை நின்றே போகும். தரையில் வைத்து மட்டும் பார்த்துவிட்டு "தண்ணீர் நல்லா வருதே" என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.

லைனில் ஃபில்டர் இருந்தால், அதுக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை அளந்து பாருங்க. முன்னாடி நன்றாக வந்து பின்னாடி குறைந்தால் ஃபில்டர் அடைத்திருக்கிறது. இந்த ஃபில்டர்களைப் பொதுவாக 6 மாதத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வார்கள். ட்யூப் எங்கேயாவது மடிந்து, ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்க.

அக்கா வீட்டு ஃபிரிட்ஜ்

என் அக்கா வீடு மூன்றாவது மாடி, அதுதான் கடைசி மாடி. புது ஃபிரிட்ஜ் வாங்கி, ஆர்.ஓ. டேங்கில் இருந்து லைன் கொடுத்திருந்தார்கள். ஐஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றுவிட்டது. வந்த மெக்கானிக் யூனிட்டை மாற்ற 9,000 ரூபாய்க்கு மேல் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா போனில் சொன்னது: "டேய், ஒண்ணு கவனிச்சேன்டா. காலையில எழுந்து பார்த்தா நாலஞ்சு ஐஸ் இருக்கு. சொந்தக்காரங்க வந்து நிறையத் தண்ணி எடுக்கிற அன்னைக்கு ஒண்ணுமே இருக்க மாட்டேங்குது."

அந்த ஒரு வாக்கியம் போதும். ராத்திரி யாரும் தண்ணீர் எடுப்பதில்லை, ஆர்.ஓ. டேங்க் விளிம்பு வரை நிறைகிறது. அந்தக் கொஞ்ச உயரத்தில் ஏதோ சொட்டு மேலே ஏறுகிறது. பகலில் டேங்க் பாதியானதும் அதுவும் இல்லை. யூனிட் கெட்டிருந்தால் அதுக்கு விருந்தாளி வந்தது எப்படித் தெரியும்?

நான் போய் பக்கெட் சோதனை செய்தேன். தரையில் வைத்தபோது தண்ணீர் ஓடியது, ஃபிரிட்ஜ் உயரத்துக்குத் தூக்கியதும் நூலானது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஃபில் ட்யூபின் வாயில் வெள்ளையாக ஐஸ் அடைத்திருந்தது. ஐஸைக் கரைத்தோம், ஆர்.ஓ. டேங்குக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் ஒரு சின்ன பூஸ்டர் பம்ப் மாட்டினோம். மறுநாள் காலை பெட்டியில் ஐஸ். பம்புக்கும் பிளம்பருக்கும் ஆன செலவு, சொன்ன தொகையில் பாதிகூட இல்லை. யூனிட் பழையதேதான்.

இப்படிப் பம்ப் வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்க. ஒன்று, பிரஷர் சுவிட்ச் இருக்கணும், வால்வு மூடியதும் பம்ப் தானாக நிற்கணும். இரண்டு, தண்ணீர் இல்லாமல் ஓடினால் தானாக நிற்கும் பாதுகாப்பு இருக்கணும். ஆர்.ஓ. இல்லாமல் 20 லிட்டர் கேன் தண்ணீர் வாங்கும் வீடுகளுக்கும் கேனில் இருந்தே இழுத்து ஃபிரிட்ஜுக்குக் கொடுக்கும் பம்ப் கிடைக்கிறது.

ஃபில் ட்யூப் ஏன் திரும்பத் திரும்ப உறைகிறது?

"ட்யூப்ல ஐஸ் அடைச்சிருந்துச்சு, சுடுதண்ணி ஊத்தினேன், சரியாச்சு, பத்து நாள்ல மறுபடியும் அடைச்சிருச்சு." இதை நிறையப் பேர் சொல்றாங்க. காரணம் வால்வு வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது.

இந்த வால்வு வீட்டுக் குழாய் மாதிரி இல்லை. உள்ளே ஒரு ரப்பர் சவ்வு இருக்கும். காயிலுக்குக் கரண்ட் வந்தால் நடுவில் உள்ள சின்ன ஓட்டை திறக்கும், சவ்வுக்கு மேலே இருக்கும் அழுத்தம் குறையும், கீழே இருக்கும் தண்ணீரே சவ்வைத் தூக்கி வழிவிடும். கரண்ட் நின்றதும் அதே தண்ணீரின் அழுத்தம்தான் சவ்வை அழுத்தி மூடும். அதாவது, திறக்கவும் தண்ணீர் அழுத்தம் வேண்டும், மூடவும் வேண்டும்.

அழுத்தம் குறைவான லைனில் சவ்வு முழுசாக அமராது. சொட்டுச் சொட்டாகக் கசியும். அந்தச் சொட்டு ஃப்ரீசருக்குள் நுழையும் ஃபில் ட்யூபில் நின்று உறையும். ஒவ்வொரு சொட்டாகச் சேர்ந்து ட்யூப் மூடிக்கொள்ளும். பிறகு வால்வு எத்தனை தடவை திறந்தாலும் தட்டு காய்ந்தே கிடக்கும். சவ்வில் உப்புத் துகளோ மணலோ மாட்டினாலும் இதேதான் நடக்கும்.

கரைக்கும் முறை: பிளக்கைப் பிடுங்குங்க. அடியில் டவல் விரிங்க. ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து ட்யூபின் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்க. கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், குளிர்ந்த பிளாஸ்டிக் விரிசல் விடும். கத்தி, ஸ்க்ரூடிரைவரால் குத்துவது கூடவே கூடாது. புது ஃபிரிட்ஜ்கள் பெரும்பாலானவற்றில் ஓடுவது ஆர்-600ஏ என்கிற வாயு. அது தீப்பற்றக்கூடியது. ஓட்டை விழுந்தால் ஃபிரிட்ஜும் போகும், ஆபத்தும் கூட.

கரைத்த பிறகு வால்வு கசிகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. பிளக் பிடுங்கிய நிலையிலேயே, தண்ணீர் லைனை மட்டும் திறந்து வைங்க. ஃபில் ட்யூபின் அடியில் ஒரு காய்ந்த டிஷ்யூ வைத்து ஒரு மணி நேரம் விடுங்க. கரண்ட் இல்லாதபோது வால்வு திறக்க வழியே இல்லை. டிஷ்யூ நனைந்தால் வால்வு கசிகிறது. முதலில் லைன் அழுத்தத்தைச் சரி செய்யுங்க. அதுக்குப் பிறகும் நனைந்தால் வால்வை மாற்றணும்.

டெஸ்ட் பட்டன்

பல யூனிட்களில் அடியிலோ பக்கத்திலோ ஒரு சின்ன பட்டன் இருக்கும். சில நொடிகள் அழுத்திப் பிடித்தால், உறைவதற்குக் காத்திருக்காமல் ஒரு முழுச் சுற்று ஓட்டிக் காட்டும். எத்தனை நொடி என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் பாருங்க. அழுத்துவதற்கு முன் பெட்டியை எடுத்துவிட்டு அடியில் ஒரு பாத்திரம் வைங்க. கையைத் தட்டு பக்கத்தில் வைக்காதீங்க.

தட்டு திரும்புகிறதா? அப்படியானால் மோட்டார் உயிரோடு இருக்கிறது. கடகடவென்று சத்தம் மட்டும் வந்து தட்டு திரும்பவில்லையா? உள்ளே கியர் பல் தேய்ந்திருக்கும், அப்போ யூனிட் மாற்ற வேண்டியதுதான். தட்டு திரும்பி முடிந்ததும் ஃபிரிட்ஜ் பின்னாடி "ம்ம்ம்" என்று ஒரு மெல்லிய சத்தம் கேட்கிறதா? அது வால்வு திறக்கும் சத்தம். சத்தம் வருகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் லைன் அல்லது ஃபில் ட்யூப். சத்தமே இல்லை என்றால் வால்வின் காயில், வயர், அல்லது கன்ட்ரோல் போர்டு. பட்டனை அழுத்தியும் அசைவே இல்லையா? யூனிட்டுக்குக் கரண்ட் வருகிறதா என்று மெக்கானிக் பார்க்கணும்.

எங்கே நிறுத்தணும்?

நாமே செய்யக்கூடியவை: ஃபில்டர், ட்யூப், பம்ப் லைன், ஃபில் ட்யூபைக் கரைப்பது, மாட்டிய கையை விடுவிப்பது. பிளக்கைப் பிடுங்கி, தண்ணீரை மூடிவிட்டு, கை பழக்கம் இருந்தால் இன்லெட் வால்வு மாற்றுவதும் முடியும். ஃபிரிட்ஜின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண்ணைப் பார்த்து அதே வால்வை வாங்குங்க. பழையதைக் கழற்றும் முன் வயரும் ட்யூபும் எங்கே சேர்ந்திருந்தன என்று போட்டோ எடுத்துக்கோங்க. ட்யூபை வெட்டினால் நேராக வெட்டுங்க, சாய்வாக வெட்டிய ட்யூப் புஷ் ஃபிட்டிங்கில் கசியும். மாட்டியதும் இணைப்பின் அடியில் ஒரு டிஷ்யூ வைத்து ஒரு நாள் கவனியுங்க. பம்ப் போட்ட லைனில் ஒரு கசிவு என்றால், ராத்திரியோட ராத்திரியாகக் கீழ் வீட்டுக்காரர் சீலிங் வரை போய்விடும். ஊருக்குப் போகும்போது அந்த லைன் வால்வை மூடிட்டுப் போங்க.

செய்யக்கூடாதவை: கரண்ட் இருக்கும்போது டெஸ்டர், மல்டிமீட்டர் வைப்பது, போர்டைக் கழற்றுவது, கேஸ் லைனில் கை வைப்பது. வாரண்டி இருந்தால் எதையும் கழற்றாமல் கம்பெனி ஆளையே கூப்பிடுங்க.

ஆனால் அவர் வரும்போது, "ஐஸ் வரலை" என்று மட்டும் சொல்லாதீங்க. "தட்டு காய்ந்திருக்கு, டெஸ்ட் பட்டன் அழுத்தினா தட்டு திரும்புது, வால்வு சத்தம் வருது, ஃபிரிட்ஜ் உயரத்துல 10 நொடிக்கு இத்தனை மில்லி வருது" என்று சொல்லிப் பாருங்க. அதுக்கு மேலயும் யூனிட்டை மாத்தணும்னு அவர் சொன்னால், நாலு வேலையில் எது நின்றது என்று கேளுங்க. சரியான மெக்கானிக் சந்தோஷமாகக் காட்டிச் சொல்வார்.

கடைசியாக, தண்ணீர்

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. அழுத்தம் கிடைக்குதே என்று போர்வெல் லைனையோ மொட்டைமாடி டேங்க் லைனையோ நேராக ஐஸ் மேக்கருக்குக் கொடுப்பதைப் பார்க்கிறேன். "ஃபிரிட்ஜ்லதான் ஃபில்டர் இருக்கே" என்கிறார்கள். அந்த ஃபில்டர் பெரும்பாலும் கார்பன். குளோரின் வாசனையைக் குறைக்கும், ருசியைச் சரிசெய்யும். கரைந்திருக்கும் உப்பை அது எடுக்காது. குடிநீருக்கான இந்தியத் தர அளவான ஐ.எஸ். 10500, ஏற்கத்தக்க டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்கிறது. வேறு நீர் ஆதாரமே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. அந்த மேல் எல்லையை ஒட்டிய தண்ணீர் உங்க வால்வுச் சவ்வில் படிந்தால், மேலே சொன்ன கசிவு கதைதான்.

அதைவிட முக்கியம், உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்பது உண்மை இல்லை. பல கிருமிகள் ஐஸில் சும்மா தூங்கும். டம்ளரில் உருகியதும் எழுந்துவிடும். குடிக்கத் தயங்கும் தண்ணீரை ஐஸாகவும் போடாதீங்க. ஐஸ் பெட்டியை மாதம் ஒரு தடவை கழுவிக் காயவைத்து மாட்டுங்க.

உங்க வீட்டில் பக்கெட் சோதனை செய்து பார்த்தால், தரையில் எத்தனை மில்லி, தூக்கிப் பிடித்தால் எத்தனை மில்லி, எந்த மாடி என்று மூன்று விவரத்தையும் வாய்ஸ் நோட்டில் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் அதே ஃப்ரீசரின் இன்னொரு தொல்லை: மேலே ஐஸ் மலை, கீழே கூலிங்கே இல்லை, ஏன்? அப்போ பேசலாம்.